எஸ்டிமேட் தொண்ணூறாயிரம், பில் ஒன்றரை லட்சம்: எங்கே ஏறுகிறது?

தனியார் மருத்துவமனைக் கட்டணங்கள் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டிஸ்சார்ஜ் அன்று எழுதப்பட்டவை. அந்த நேரத்தில் நோயாளி வீட்டுக்குப் போகத் துடிப்பார், இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வரிசை நிற்கும், பில்லை நிதானமாகப் படிக்க யாராலும் முடியாது. பில் தொகையின் பெரும்பகுதி அட்மிஷன் கவுன்டரில், அறையைத் தேர்ந்தெடுக்கும் அந்தப் பத்து நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் கீழே உள்ள பதில்களில் அட்மிஷன் நேரத்துக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: அப்பாவுக்கு வயிற்றில் குடலிறக்கம். லேப்ரோஸ்கோப்பி ஆபரேஷனுக்கு 90,000 ரூபாய் பேக்கேஜ் என்றார்கள். கடைசியில் 1,46,000 கட்டினோம். பேக்கேஜ் என்று சொல்லிவிட்டு இப்படி ஏற்றலாமா? பில் நகல் இணைத்திருக்கிறேன். (வாசகி, ஈரோடு)

பதில்: நகலைப் பார்த்தோம். கூடுதலான 56,000 ரூபாய் எதற்கெல்லாம் போயிருக்கிறது என்று பிரித்தால் இப்படி வருகிறது: மெஷ் எனும் வலை 14,200. அந்த வலையை உள்ளே பதித்து நிறுத்தும் டாக்கர் 15,800. கூடுதலாகத் தங்கிய ஒரு நாள் 4,500. எக்கோவும் இதய மருத்துவர் ஆலோசனையும் 4,300. சர்க்கரை நோய் மருத்துவர் மூன்று முறை வந்ததற்கு 2,700. ஃபார்மசி 12,900. ஃபைல், அட்மிஷன், மருத்துவக் கழிவு அகற்றல் என்று 1,600.

இதில் பெரும்பகுதி முன்பே தெரிந்திருக்கக்கூடிய செலவு. குடலிறக்க லேப்ரோஸ்கோப்பிக்கு வலை அநேகமாக எல்லோருக்கும் தேவைப்படும். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது அட்மிஷன் அன்றே, சிகிச்சை விவரங்களைக் குறிக்கும் கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டது. அப்படியிருந்தும் இவை பேக்கேஜுக்கு வெளியே வைக்கப்பட்டன. பொதுவாகப் பேக்கேஜ் என்பது சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து மருத்துவர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், குறிப்பிட்ட நாள் அறை வாடகை, வழக்கமான மருந்துகள் இவ்வளவையும் சேர்த்த தொகை. உடலுக்குள் வைக்கும் பொருட்கள், ரத்தம், மற்ற துறை மருத்துவர்கள், பயாப்ஸி, கூடுதல் நாள், ஐசியு ஆகியவை பெரும்பாலும் வெளியேதான் இருக்கும்.

"பேக்கேஜ் எவ்வளவு?" என்று கேட்டால் ஒரு தொகைதான் பதிலாக வரும். "பேக்கேஜில் எது எது இல்லை?" என்று கேளுங்கள். பதிலை எஸ்டிமேட் தாளிலேயே எழுதி, முத்திரையுடன் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் இருக்க வேண்டியவை: எந்த வகை அறைக்கு இந்தத் தொகை, எத்தனை நாள், எத்தனை நாள் மருந்து, உள்ளே வைக்கும் பொருளின் பெயர், அளவு, அதிகபட்ச விலை. வலையிலேயே விலை வித்தியாசம் பெரிது. தொடை இடுக்குக் குடலிறக்கத்துக்கு வழக்கமாக வைக்கும் பாலிப்ரொப்பிலீன் வலை சில ஆயிரங்களில் முடியும். வயிற்று முன்சுவருக்கு, குடலில் ஒட்டாத பூச்சுள்ள காம்போசிட் வலை வைத்தால் விலை பல மடங்கு. எது தேவை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் "எந்த வலை, ஏன் அது, விலை என்ன" என்று ஆபரேஷனுக்கு முந்தின நாள் கேட்பது உங்கள் உரிமை. தியேட்டருக்குள் போன பிறகு கேட்டுப் பயனில்லை.

சர்க்கரை, பிரஷர், இதயக் கோளாறு, ரத்தம் உறையாத மாத்திரை இவற்றில் ஏதாவது இருந்தால் எஸ்டிமேட் போடும்போதே சொல்லி, "இதற்கான மருத்துவர் வருகைகளையும் சேர்த்துப் போடுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். 4,300, 2,700 என்ற வரிகள் அப்போதே உங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

மருத்துவக் கழிவு, ஃபைல், அட்மிஷன் என்ற 1,600-ஐ இப்போதும் கேட்டுப் பார்க்கலாம். மருத்துவமனை நடத்தும் செலவை நோயாளி தலையில் தனி வரியாக எழுதுவதற்கு நியாயம் இல்லை. பில்லிங் மேனேஜரிடம் எழுத்தில் கேட்டால் சில இடங்களில் நீக்கிவிடுகிறார்கள்.

கேள்வி: என் பாலிசி 5 லட்சம். அறை வாடகை ஒரு நாளைக்கு ஒரு சதவீதம் என்று இருக்கிறது. 8,000 ரூபாய் அறை எடுத்தேன். மீதி 3,000-ஐ நான் கட்டினால் போதும் என்றுதான் நினைத்தேன். ஐம்பதாயிரத்துக்கு மேல் கழித்துவிட்டார்கள். (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: எங்களுக்கு வந்த கடிதங்களில் அதிகப் பணம் போயிருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான். பொறுமையாகப் படியுங்கள்.

பல மருத்துவமனைகளில் அறை வகையைப் பொறுத்து மற்ற கட்டணங்களும் மாறும். அதே சர்ஜன், அதே ஆபரேஷன். பொது வார்டு நோயாளிக்கு ஒரு கட்டணம், தனி அறை நோயாளிக்கு வேறு கட்டணம். மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும் கட்டணம், தியேட்டர், மயக்க மருந்து, நர்ஸிங் எல்லாமே அறையோடு சேர்ந்து ஏறும். அதனால் இன்சூரன்ஸ் கம்பெனி, உங்களுக்கு அனுமதித்த அறைக்கும் நீங்கள் எடுத்த அறைக்கும் உள்ள விகிதத்தில் இவற்றையும் வெட்டுகிறது. விகிதாசாரக் கழிவு என்பது இதுதான்.

உங்கள் பில்லை ஒட்டிய கணக்கு: அனுமதித்தது 5,000, எடுத்தது 8,000. விகிதம் 62.5 சதவீதம். நான்கு நாள் வாடகை 32,000-இல் 20,000 கிடைக்கும், 12,000 போகும். சர்ஜன், தியேட்டர், மயக்க மருந்து, மருத்துவர் வருகை எல்லாம் சேர்த்து 1,20,000 என்றால் 75,000 கிடைக்கும், 45,000 போகும். ஆக 57,000. நீங்கள் நினைத்த 12,000-க்கும் இதற்கும் உள்ள தூரம்தான் உங்கள் அதிர்ச்சி.

இதோடு ஒரு வரியும் உண்டு. 2022 ஜூலை 18 முதல், நாள் வாடகை 5,000 ரூபாயைத் தாண்டினால் அறைக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. தாண்டிய தொகைக்கு மட்டும் அல்ல, முழு வாடகைக்கும். 8,000-க்கு நாளொன்றுக்கு 400. ஐசியு, சிசியு, பச்சிளங்குழந்தை ஐசியு ஆகியவற்றுக்கு இந்த வரி கிடையாது. மருத்துவர் கட்டணத்துக்கும் ஆபரேஷனுக்கும் ஜிஎஸ்டி இல்லை. பில்லில் அவற்றின் மேல் ஜிஎஸ்டி போட்டிருந்தால் நிறுத்திக் கேளுங்கள்.

இனி, நீங்கள் போராட வேண்டிய இடம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: மருந்து, பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருட்கள், உடலுக்குள் வைக்கும் கருவிகள், பரிசோதனைகள் இவற்றில் விகிதாசாரக் கழிவு செய்யக் கூடாது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. அறை வகைப்படி கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையாக இருந்தால் எதிலுமே கூடாது. உங்கள் செட்டில்மென்ட் கடிதத்தில் ஃபார்மசி, லேப் வரிகளுக்கு எதிரே கழிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வரிகளைக் குறிப்பிட்டு, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள்.

அடுத்த முறை அட்மிஷனுக்கு முன் பாலிசியில் பார்க்க வேண்டியது ஒரே வரி: "ரூம் ரென்ட் லிமிட்". தொகையாக இருக்கலாம், சதவீதமாக இருக்கலாம், "ஒரு நபர் தனி ஏசி அறை" என்று வகையாக இருக்கலாம். வகையாக இருந்தால் டீலக்ஸ், சூட் என்ற பெயருள்ள அறைகளைத் தொடாதீர்கள். அனுமதித்த வகை அறை காலியில்லை என்று மேல் அறை கொடுத்தால், "கீழ் அறை காலியில்லாததால் தரப்பட்டது, கீழ் அறைக் கட்டணமே வசூலிக்கப்படும்" என்று எழுதி வாங்குங்கள். மறுத்தால், "அறை காலியானதும் மாற்றவும்" என்று நீங்களே எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திங்கள் இரவு 10 மணிக்குச் சேர்ந்து செவ்வாய் மாலை 4 மணிக்குக் கிளம்பினோம். இரண்டு நாள் வாடகை! (வாசகர், திருநெல்வேலி)

பதில்: அந்த மருத்துவமனையில் நாள் கணக்கு பகல் 12 முதல் 12 வரை இருந்திருக்கும். நீங்கள் இருந்தது 18 மணி நேரம்தான், ஆனால் இடையில் ஒரு பகல் 12 மணி வந்துவிட்டது. வேறு சில இடங்களில் சேர்ந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். அட்மிஷனில் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாளை டிஸ்சார்ஜ் என்று மருத்துவர் சொன்னால், காலை ரவுண்ட்ஸிலேயே சம்மரி எழுதச் சொல்லி, 12 மணிக்கு முன் பில் மூட நெருக்குங்கள். ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாறிய நாளையும் பாருங்கள். அந்த ஒரு நாளுக்கு ஐசியு வாடகை, வார்டு வாடகை இரண்டும் விழுந்திருக்கும்.

கேள்வி: அம்மா ஐந்து நாள் இருந்தார். ஃபார்மசி பில் மட்டும் 48,000. க்ளவுஸ், சிரிஞ்ச், ஊசி என்று ஒன்பது பக்கம். இதை எப்படிச் சரிபார்ப்பது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ஒன்பது பக்கத்தையும் படிக்க வேண்டாம். விலை அதிகமான ஐந்தாறு பொருட்களை எடுங்கள். பணம் அங்கேதான் இருக்கும். பிறகு நர்ஸிங் ஸ்டேஷனில் உள்ள மருந்து சார்ட்டோடு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். மருந்து கொடுத்த ஒவ்வொரு நேரத்துக்கும் நர்ஸ் அதில் கையெழுத்துப் போட்டிருப்பார்.

ஒரு ஆன்டிபயாடிக் ஊசி, காலை ஒன்று, மாலை ஒன்று. திங்கள் மாலை ஆரம்பித்து வெள்ளி காலை முடிந்தது. திங்கள் 1, செவ்வாய் 2, புதன் 2, வியாழன் 2, வெள்ளி 1: மொத்தம் 8. பில்லில் 12 குப்பி, ரிட்டர்ன் 2 என்று இருந்தால், உங்கள் கணக்கில் ஏறியது 10. அந்த இரண்டு குப்பி எங்கே என்று கேட்க வேண்டும். வார்டில் இருந்தால் ரிட்டர்ன் போடச் சொல்லலாம். வேறொரு நோயாளிக்கு அவசரத்துக்கு எடுத்திருந்தால் அவர் கணக்கில்தான் ஏற வேண்டும். ஊசி எண்ணிக்கை சரியானால் சிரிஞ்சும் தானே சரியாகும்: எட்டு டோஸுக்கு முப்பது சிரிஞ்ச் தேவைப்படாது. மருந்து ஏற்றக் கையில் குத்தி வைக்கும் ஊசிக் குழாயான வென்ஃப்ளான் பொதுவாக மூன்று நான்கு நாள் தாங்கும், வீங்கினால் முன்பே மாற்றுவார்கள். ஐந்து நாளில் இரண்டு மூன்று நியாயம். ஏழு இருந்தால் கேளுங்கள்.

இது ஏன் நடக்கிறது என்றால், பெரும்பாலும் ரிட்டர்ன் போடாததால். மருந்தை மாற்றும்போதும் டோஸை நிறுத்தும்போதும் மீந்தது வார்டு டிரேயிலேயே தங்கிவிடும். ஆபரேஷனுக்கு முன் தியேட்டர் ஃபார்மசியில் ஒரு முழுக் கட்டாக இன்டென்ட் (ஆர்டர்) போடுவார்கள்: தையல் நூல்கள், க்ளவுஸ், டிரேப், ட்ரெயின் குழாய். பயன்படாதது திரும்பி வரவேண்டும். தையல் நூல் ஒரு பாக்கெட்டே சில நூறு ரூபாய் என்பதால் அங்கே தவறினால் ஆயிரக்கணக்கில் போகும். "தியேட்டரில் பயன்படுத்திய பொருட்களின் பட்டியலைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள், அது கேஸ் ஷீட்டில் இருக்கும்.

கடைசி நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். தினமும் மாலை இடைக்கால பில் கேளுங்கள். கம்ப்யூட்டரில் அப்போதே எடுத்துத் தர முடியும். கூட இருப்பவர் ஒரு சின்ன நோட்டில் வந்த மருத்துவர் பெயர், நேரம், எடுத்த பரிசோதனை, ஏற்றிய பாட்டில் ஆகியவற்றைக் குறித்து வைத்தால் பில்லில் உள்ள மருத்துவர் வருகைகளைச் சரிபார்க்க அதுவே போதும். எட்டிப் பார்க்காத டயட்டீஷியனுக்கும் ஒரு முறை வந்த பிசியோதெரபிஸ்ட்டுக்கும் ஐந்து நாள் கட்டணம் விழுவது சாதாரணமாக நடப்பது.

விலை விஷயம் தனி. பாக்கெட்டில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது, மேலே ஜிஎஸ்டியும் போடக் கூடாது. ஆனால் எம்ஆர்பியே உயரமாக அச்சிடப்பட்ட பிராண்டுகளை மருத்துவமனைகள் குறைந்த விலைக்கு வாங்கி, அச்சிட்ட விலைக்கு விற்கின்றன. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018 பிப்ரவரியில் டெல்லி வட்டாரத்து நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தபோது, சில பொருட்களில் லாபம் 1,737 சதவீதம் வரை இருந்தது தெரியவந்தது. நோயாளிக்குக் கொடுமை இது. சட்டப்படி எம்ஆர்பிக்குள் இருப்பதால் தனி மனிதர் இதை எதிர்த்து அதிகம் செய்ய முடியாது. விலை உச்சவரம்பு உள்ள மருந்தா என்பதை மட்டும் "ஃபார்மா சஹி தாம்" செயலியில் பார்த்துவிடுங்கள். உச்சவரம்பைத் தாண்டியிருந்தால் ஆணையத்தின் இலவச எண் 1800 111 255-இல் புகார் செய்யலாம்.

கேள்வி: அப்படியென்றால் வெளியே மருந்து வாங்கிக் கொடுக்கலாமா? விட மறுக்கிறார்களே. (வாசகர், சேலம்)

பதில்: தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமை சாசனம், மருந்தையும் பரிசோதனையையும் எங்கே பெறுவது என்பது நோயாளியின் விருப்பம் என்கிறது. ஆனால் 2025 மார்ச் 4-இல் இந்தப் பிரச்சினை உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, மருத்துவமனைகளுக்கு நேரடித் தடை எதுவும் விதிக்காமல், கொள்கை வகுப்பதை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. ஆகவே இன்றைக்குச் சண்டை போட்டு ஜெயிப்பது கடினம். ஐசியுவில், அவசரத்தில் முயலவும் வேண்டாம். மருந்து தாமதமானால் நோயாளிக்குத்தான் ஆபத்து.

பலன் தரும் இடங்கள் இரண்டு. ஒன்று, பல நாள் போட வேண்டிய விலை உயர்ந்த ஊசி. மருத்துவரிடமே நேரில், "இதே மருந்து குறைந்த விலை பிராண்டில் எழுத முடியுமா, வெளியே வாங்கி பில்லோடு கொடுத்தால் ஏற்பீர்களா" என்று கேளுங்கள். கவுன்டரில் கிடைக்காத அனுமதி மருத்துவரிடம் கிடைப்பதுண்டு. வாங்கினால் பேட்ச் எண் உள்ள பில்லும், குளிரில் வைக்கும் மருந்தானால் ஐஸ் பெட்டியும் அவசியம். இரண்டு, டிஸ்சார்ஜ் மாத்திரைகள். "ஒரு மாத மாத்திரை பேக் பண்ணியாச்சு" என்று பையோடு கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கி மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விலை கேட்டுப் பாருங்கள். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மாத்திரைகளில் வித்தியாசம் பெரிதாக இருக்கும்.

கேள்வி: கேஷ்லெஸ் அப்ரூவ் ஆகிவிட்டது. ஆனாலும் "நான் பேயபிள்" என்று 14,000 கட்டச் சொன்னார்கள். (வாசகி, சென்னை)

பதில்: "நான் பேயபிள்" என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்காதது. இதற்கு ஐஆர்டிஏஐ நான்கு பட்டியல் வைத்திருக்கிறது. முதல் பட்டியலில் 68 பொருட்கள், இவற்றுக்குக் காப்பீடு கிடையாது: க்ளவுஸ், முகக்கவசம், டயப்பர், க்ரேப் பேண்டேஜ், நெபுலைசர் கிட், ஈசிஜி எலக்ட்ரோட், கழுத்துப் பட்டை, முழங்கால் பட்டை, உடனிருப்பவர் சாப்பாடு, விவரம் எழுதாத எந்த "கிட்"டும். இவை உங்கள் கைக்காசுதான். சில கம்பெனிகள் கூடுதல் பிரீமியத்துக்குக் கன்ஸ்யூமபிள்ஸ் ரைடர், அதாவது இப்படிப்பட்ட பொருட்களுக்கான கூடுதல் காப்பீடு, தருகின்றன. ஐசியு வரை போகக்கூடிய வயதில் இருப்பவர்களுக்கு அது நல்ல செலவு.

மற்ற மூன்று பட்டியல்களையும் தெரிந்துவைத்திருப்பவர்கள் குறைவு. இரண்டாவது, அறை வாடகைக்குள்ளேயே அடங்க வேண்டிய 37 இனங்கள்: ஹவுஸ்கீப்பிங், ஏசி, கம்பளி, அட்மிஷன் கிட், ஃபைல் திறப்பு, ஆவணக் கட்டணம், டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம், கையில் கட்டும் பெயர்ப் பட்டை, பல்ஸ் ஆக்ஸிமீட்டர். மூன்றாவது, ஆபரேஷன் கட்டணத்துக்குள் அடங்க வேண்டிய 23: பஞ்சு, காஸ், சர்ஜிக்கல் பிளேடு, டேப், எக்ஸ்ரே ஃபிலிம், தியேட்டர் புக்கிங். நான்காவது, சிகிச்சைச் செலவுக்குள் அடங்க வேண்டிய 18: பதிவுக் கட்டணம், ஸ்பிரிட், ஆல்கஹால் பஞ்சு, யூரின் பை, குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப். இந்த மூன்று பட்டியலில் உள்ளதைத் தனி வரியாக எழுதினால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்காது, மருத்துவமனை உங்களிடம் திரும்பும். "இவை வாடகையிலும் ஆபரேஷன் கட்டணத்திலும் அடங்கியவை, அதற்கான பணம் கம்பெனியிடமிருந்து ஏற்கெனவே வருகிறதே" என்று இன்சூரன்ஸ் டெஸ்க்கில் சொல்லுங்கள். கம்பெனிக்கும் ஒரு மெயில் போடுங்கள். நெட்வொர்க் மருத்துவமனை ஒப்பந்தம் கம்பெனியோடுதான் இருக்கிறது. கம்பெனி கேட்டால் அசைவார்கள். 14,000-ஐ நான்காகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் பிரிப்பைக் கேட்டவுடனேயே சில வரிகள் காணாமல் போகலாம்.

டிஸ்சார்ஜுக்கு இன்சூரன்ஸ் ஒப்புதல் தாமதமாகி இன்னொரு நாள் வாடகை ஏறினால், 2024 மே 29-இல் வந்த ஐஆர்டிஏஐ சுற்றறிக்கையை நினைவில் வையுங்கள். மருத்துவமனை கோரிக்கை அனுப்பிய மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும். தாண்டினால் அதனால் ஏறும் கூடுதல் தொகையைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். மருத்துவமனை எத்தனை மணிக்கு அனுப்பியது என்பதை டெஸ்க்கில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல நேரம் தாமதம் மருத்துவமனையின் பில்லிங்கில்தான் இருக்கும்.

கேள்வி: ஸ்டென்ட் விலைக்கு அரசு கட்டுப்பாடு இருக்கிறது என்கிறார்கள். ஆஞ்சியோபிளாஸ்டி பில் ஏன் குறையவில்லை? (வாசகர், மதுரை)

பதில்: அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு குழாய்தான் ஸ்டென்ட். மருந்து தடவிய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் உச்சவரம்பு வைத்தார்கள். மொத்த விலைக் குறியீட்டெண்ணை ஒட்டி ஆண்டுதோறும் மாறி, 2025 ஏப்ரலில் 38,933 ரூபாய் ஆனது, ஜிஎஸ்டி தனி. பில்லில் ஸ்டென்ட் விலை தனி வரியாக, பிராண்ட், தயாரிப்பாளர், பேட்ச் எண்ணோடு இருக்க வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் ஸ்டென்டோடு பயன்படும் பலூனுக்கும் கைடு வயருக்கும் கதீட்டருக்கும் அப்படி உச்சவரம்பு இல்லை. இந்தச் சிகிச்சை நடக்கும் கேத் லேப்பின் கட்டணமும் மருத்துவமனையின் விருப்பம். பணம் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. ஒவ்வொரு ஸ்டென்ட், பலூன் பெட்டியிலும் ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். பில்லில் எத்தனை பலூன், ஸ்டிக்கர் எத்தனை என்று எண்ணுங்கள். மூட்டு மாற்று ஆபரேஷனிலும் இதே ஸ்டிக்கர் முறைதான். முழங்கால் இம்ப்ளான்டுக்கு 2017 ஆகஸ்டிலிருந்து உச்சவரம்பு உண்டு.

கேள்வி: ரத்தத்துக்கு விலை கிடையாது என்று படித்தேன். பில்லில் ரத்தத்துக்குப் பணம் போட்டிருக்கிறார்களே? (வாசகர், வேலூர்)

பதில்: விலை கிடையாது, பதப்படுத்தும் கட்டணம் உண்டு. தனியார் ரத்த வங்கியில் முழு ரத்தமோ சிவப்பணுவோ ஒரு யூனிட்டுக்கு 1,550 ரூபாய், சாதாரணத் தட்டணு அல்லது பிளாஸ்மா யூனிட்டுக்கு 400. சில சிறப்புப் பரிசோதனைகளுக்குத் தனிக் கட்டணம் சேரும். எத்தனை யூனிட் ஏற்றினார்கள் என்பதைப் பையின் எண்ணோடு கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பார்கள், ஒப்பிடுங்கள்.

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தும் 20,000 தனியாகக் கேட்கிறார்கள். (வாசகி, விழுப்புரம்)

பதில்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தரும் இந்தத் திட்டத்தில், ஒப்புதல் பெற்ற சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கட்டும் முன்பே 1800 425 3993-க்கு அழையுங்கள். உங்கள் சிகிச்சைக்கு ஒப்புதல் வந்திருக்கிறதா, எவ்வளவுக்கு என்று கேளுங்கள். அந்த மருத்துவமனை திட்டத்தில் இருந்தாலும் உங்கள் சிகிச்சைக்கு அங்கே அனுமதி இல்லாமல் இருக்கலாம்; அதையும் அங்கேயே கேட்டுவிடலாம். கட்டிவிட்டீர்கள் என்றால் ரசீது கட்டாயம். ரசீது இல்லாத பணத்தை மீட்பது மிகக் கடினம். மனுவை ரசீது நகலோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள்.

கேள்வி: விவரமான பில் தர மறுக்கிறார்கள். முழுப் பணம் கட்டாமல் நோயாளியை அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். என்ன செய்ய? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கவுன்டரில் வாதிட வேண்டாம், அங்கே இருப்பவருக்கு அதிகாரம் இல்லை. பில்லிங் மேனேஜரையோ மெடிக்கல் சூப்பரின்டென்டென்டையோ பாருங்கள். கோரிக்கையை ஒரு தாளில் எழுதுங்கள்: வரி வரியான பில் வேண்டும், இன்ன இன்ன வரிகளில் சந்தேகம். நகலில் பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தராவிட்டால் அதே நிமிடம் மருத்துவமனை மெயிலுக்கு அனுப்புங்கள். நேரத்தோடு அது பதிவாகும்.

விவரமான பில்லும், பணத் தகராறுக்காக நோயாளியையோ இறந்தவர் உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்பதும் நோயாளிகள் உரிமை சாசனத்தில் உள்ளவை. ஒத்துக்கொள்ளும் தொகையைக் கட்டிவிட்டு, மீதிக்கு எழுத்தில் உறுதி கொடுத்துக் கிளம்பலாம். வேறு வழியே இல்லாமல் முழுதும் கட்டினால், மருத்துவமனை வைத்துக்கொள்ளும் பிரதியில் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கு போட அது உதவும். நோயாளியை வெளியே விடாமல் தடுத்தால் 112-க்கு அழைக்கத் தயங்காதீர்கள்.

கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதி. அது கைக்கு வந்த பிறகு மேலே சொன்ன ஊசிக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போடலாம். தவறு தெரிந்தால் பில் வரி, கேஸ் ஷீட் பக்கம், வித்தியாசத் தொகை என்று மூன்று பத்திகளில் எழுதி மருத்துவமனைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "கொள்ளையடிக்கிறீர்கள்" என்று எழுதிய கடிதத்தைவிட "பக்கம் 4, வரி 17, பில்லில் 12, சார்ட்டில் 8" என்று எழுதிய கடிதத்துக்குத்தான் பதில் வரும்.

பதில் வராவிட்டால், தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகள் 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழ் பதிவானவை என்பதால் மாவட்ட மருத்துவ மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடம் மனு கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் திரும்ப வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கட்டிய தொகை 5 லட்சம் வரை வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனி மீதான புகாருக்கு வழி வேறு. கம்பெனிக்கு எழுதி 30 நாள் பொறுத்துவிட்டு, சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) ஓராண்டுக்குள் போகலாம். அங்கே கட்டணம் எதுவும் இல்லை.